ரயில்வே தொழிலாளர்கள் தாங்களே நடத்தும் சங்கம்: முதல் பேச்சிலிருந்து ஒப்பந்தம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தன் தொழிலாளர்களை ரயில்வே அளவுக்குச் சிதறடித்து வைத்திருக்கும் தொழில்கள் குறைவு. ஓட்டுநர் ஓர் ஊரில் பணியேற்று, இன்னோர் ஊரின் ஓய்வறையில் உறங்கி, மூன்றாம் நாள்தான் வீடு திரும்புகிறார். தண்டவாளப் பராமரிப்புக் குழு ஊருக்கு வெளியே கருவிகளைச் சுமந்துகொண்டு நடக்கிறது. கேட்கீப்பர் ஒரு ஷிப்டு முழுவதையும் தனியாகக் கழிக்கிறார். பணிமனையில் மட்டும் நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். அவர்களும் டிரேடு வாரியாகவும் கிரேடு வாரியாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். இவற்றோடு, துப்புரவு, உணவு, பெட்டிப் பராமரிப்பு போன்ற வேலைகளை ஒப்பந்தக்காரர்களிடம் விட்டுவிடும் நடைமுறை சேரும்போது, ஒரே பிளாட்பாரத்தில் நிற்கும் பத்துப் பேருக்கு நான்கு முதலாளிகள் இருப்பதும் சாதாரணமாகிவிடுகிறது.

இவர்களை ஒன்றுசேர்க்கும் சங்கத்தை உறுப்பினர்களே நடத்துவது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. கோரிக்கையை வகுப்பது, பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்புவது, ஒப்பந்தத்தை ஏற்பது, பணத்தைச் செலவிடுவது ஆகிய நான்கையும் வேலை செய்கிறவர்களே கூடி முடிவுசெய்கிற சங்கத்தையே இங்கே குறிப்பிடுகிறேன். ரயில்வேயில் இதற்குப் பெரும் தடையாக நிற்பது டூட்டி ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது வேலை என்று சொல்லும் அட்டவணைதான் என்பது என் உறுதியான கருத்து. இரவு டூட்டிக்காரர் வர முடியாத கூட்டத்தில் எடுக்கப்படும் முடிவு, எத்தனை கைகள் உயர்ந்திருந்தாலும், பாதித் தொழிலாளர்களின் முடிவாகவே இருக்கும். எனவே கீழ்வரும் ஒவ்வொரு படியையும் ரோஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

பணியிடத்தை வரைந்துகொள்ளுங்கள்

சங்கத்தின் பெயரையோ கொடியையோ பற்றி யோசிப்பதற்கு முன்னால், உங்கள் டிப்போ, யார்டு அல்லது பிரிவைக் காகிதத்தில் வரையுங்கள். எந்த இடத்தில் எத்தனை பேர், எந்த ஷிப்டில், எந்தப் பதவியில், யாரிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதைக் குறியுங்கள். பிறகு, எந்த மேற்பார்வையாளர் எங்கே எப்போது வருகிறார், யாருடைய பேச்சை மற்றவர்கள் மதிக்கிறார்கள், யாருக்கு யார் நெருக்கம் என்பதைச் சேருங்கள். உரக்கப் பேசுகிறவரும் மதிக்கப்படுகிறவரும் பெரும்பாலும் ஒருவராக இருப்பதில்லை. விடுப்பு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிப் புதியவர்கள் யாரிடம் போகிறார்களோ, விபத்து நடந்தால் முதலில் யாருக்குப் போன் செய்கிறார்களோ, அவரைத் தேடுங்கள்.

அடுத்ததாகத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் புள்ளிகளைக் குறியுங்கள். ஓட்டுநர்களும் கார்டுகளும் பணியேற்கும் லாபி, ஓய்வறைச் சமையற்கூடம், பணிமனை வாசலில் ஷிப்டு மாறும் கால் மணி நேரம், பராமரிப்புக் குழு கருவிகளை வைத்தெடுக்கும் அறை ஆகியவை அப்படிப்பட்டவை. தனித்து வேலை செய்கிறவர்களை யார் சந்திக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். தண்டவாளத்தைச் சோதித்தபடி தன் பிரிவு முழுவதையும் நாள்தோறும் நடந்து கடக்கும் கீமேன், ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் சிறிது நேரம் நிற்கிறார். கேட்கீப்பருடன் இரண்டு வார்த்தை பேசுகிறார். எந்த வாட்ஸ்அப் குழுவையும்விட நம்பகமான தொடர்பு அது. இப்படி ஏற்கெனவே இயங்கும் தொடர்புகளைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துங்கள்.

இந்த வரைபடத்தை அலுவலகக் கணினியிலும் நிர்வாகம் தந்த கைபேசியிலும் வைக்கக் கூடாது. ஒரே ஒரு பிரதி, பொறுப்பான ஒருவரின் வீட்டில் இருந்தால் போதும்.

தனித்தனியாகப் பேசுங்கள்

துண்டறிக்கையும் பொதுக்கூட்டமும் பிறகுதான். முதலில், ஒருவரோடு ஒருவர் நேரில் பேசுங்கள். பேச்சில் பெரும்பகுதி எதிரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். "சங்கத்தில் சேருகிறீர்களா?" என்று தொடங்கினால், "யோசிக்கிறேன்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். "கடைசியாக எப்போது எட்டு மணி நேரத்தில் டூட்டி முடிந்தது?" என்று கேளுங்கள். "வார ஓய்வு நாளில் எத்தனை முறை கூப்பிட்டார்கள்?" "அப்போது என்ன சொன்னீர்கள்?" "அதை யார் மாற்ற முடியும் என்று நினைக்கிறீர்கள்?" கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான் பதிலாக வரும். அந்த மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். அவரே பதிலைத் தேடட்டும்.

ஒவ்வொரு பேச்சும் ஒரு சிறு செயலோடு முடிய வேண்டும். இன்னொருவரை அழைத்து வருவது, ஒரு மனுவில் கையெழுத்திடுவது, ஒரு மாதத்துக்குத் தன் டூட்டி நேரத்தைக் குறித்து வைப்பது என எதுவாகவும் இருக்கலாம். சொன்னதைச் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பதுதான் உங்கள் உண்மையான உறுப்பினர் பட்டியல். அச்சத்தால் தயங்குகிறவரிடம் அச்சமே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பழிவாங்கல் நடக்கலாம், நடந்தால் நாம் இன்ன இன்னவற்றைச் செய்வோம் என்று நேராகச் சொல்லுங்கள். பொய்த் தைரியம் கொடுத்துச் சேர்த்தவர், விளக்கம் கேட்டு நிர்வாகம் அனுப்பும் முதல் குறிப்பாணையிலேயே விலகிவிடுவார்.

யாரைச் சேர்ப்பது?

ஒவ்வொரு பிரிவும் தனிச் சங்கம் வைத்துக்கொள்வதா, எல்லோரும் ஒரே சங்கத்தில் இருப்பதா என்பது ரயில்வேயின் மிகப் பழைய விவாதம். பிரிட்டனில் 1880-இல் ஓட்டுநர்களும், எஞ்சினில் கரி போடும் தீயாளர்களும் தங்களுக்கெனத் தனிச் சங்கம் கண்டார்கள். 1911-இல் அங்கே முதல் தேசிய ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தபின், 1913-இல் மூன்று சங்கங்கள் இணைந்து தேசிய ரயில்வேமென் சங்கம் உருவானது; ஓட்டுநர் சங்கமும் எழுத்தர் சங்கமும் அந்த இணைப்புக்கு வெளியிலேயே நின்றன. தனிச் சங்கத்தில் ஒரு பிரிவின் நுணுக்கமான பிரச்சினைகள் கவனம் பெறும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் ஓட்டுநர் நிறுத்தும்போது சிக்னல்காரர் வேலை செய்வதும், சிக்னல்காரர் நிறுத்தும்போது ஓட்டுநர் வண்டி எடுப்பதும் நிர்வாகத்துக்குக் கிடைக்கும் பெரும் வசதி. ஒரே சங்கம், அதற்குள் ஒவ்வொரு பிரிவுக்கும் தன் சொந்த விஷயங்களில் முடிவெடுக்கும் துணைக்குழு என்ற ஏற்பாட்டையே நான் பரிந்துரைப்பேன்.

ஒதுக்கிவைத்தலுக்கு வரலாறு கடுமையான பாடம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1893-இல் யூஜின் டெப்ஸ் தலைமையில் எல்லாப் பிரிவினருக்குமாகத் தொடங்கிய அமெரிக்க ரயில்வே சங்கம், 1894 மாநாட்டில் கறுப்பினத் தொழிலாளர்களைச் சேர்க்க மறுத்தது. வாக்கு வித்தியாசம் 112-க்கு 100. அதே ஆண்டு, ரயில் பெட்டி தயாரிக்கும் புல்மன் கம்பெனியை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் நீதிமன்றத் தடையாணையாலும் ராணுவத்தாலும் ஒடுக்கப்பட்டபோது, அந்தத் தொழிலாளர்களின் தோள் சங்கத்துக்குத் துணையாக இல்லை. இதற்கு நேரெதிரான எடுத்துக்காட்டு பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. 1947 அக்டோபர் 10 அன்று தொடங்கி 1948 மார்ச் 19 வரை அங்கே நீடித்த வேலைநிறுத்தத்தில், ஏறத்தாழ 20,000 ஆப்பிரிக்க ரயில்வே தொழிலாளர்கள் முன்வைத்த மையக் கோரிக்கை, ஐரோப்பியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் ஒரே பணி அமைப்பு, அதாவது ஒரே பதவி வரிசையும் சலுகைகளும் வேண்டும் என்பதுதான். படிநிலைப் பாகுபாட்டை நீக்குவதே கோரிக்கையானதால், கீழ்க்கிரேடுக்காரர் முதல் எழுத்தர் வரை பெரும்பாலானோர் ஐந்து மாதங்கள் தாக்குப்பிடித்தார்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை முதல் நாளிலிருந்தே சேருங்கள். சட்டம் அவர்களுக்கு வேறு முதலாளியைக் காட்டினாலும், சங்கத்தின் விதி அவர்களைச் சம உறுப்பினராக ஏற்கட்டும். குறைந்த சம்பளக்காரருக்குக் குறைந்த சந்தா, எல்லோருக்கும் ஒரே வாக்கு.

விதிகளை எழுதுங்கள்

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1948-ஆம் ஆண்டு 87-ஆம் எண் உடன்படிக்கை, தொழிலாளர் அமைப்புகள் தங்கள் விதிகளைத் தாங்களே வகுத்து, பிரதிநிதிகளை முழுச் சுதந்திரத்தோடு தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சொல்கிறது. 1949-இன் 98-ஆம் எண் உடன்படிக்கை, சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பாரபட்சம் காட்டப்படுவதிலிருந்து பாதுகாப்பையும் கூட்டுப்பேர உரிமையையும் வலியுறுத்துகிறது. இவற்றை எல்லா நாடுகளும் ஏற்கவில்லை. எனவே உங்கள் நாட்டில் பதிவுக்கு எத்தனை பேர் தேவை, அங்கீகாரம் எப்படிக் கிடைக்கும், ரயில்வே அத்தியாவசியச் சேவையாக அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றிதழ் கிடைத்துவிட்டாலே சங்கம் உருவாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

விதிகளில் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டியவை சில. முதலாவது, கூட்டம் நடத்தும் முறை. ஒரே நிகழ்ச்சி நிரலோடு ஒவ்வொரு பொதுக்குழுவையும் இரண்டு அமர்வாக, காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக நடத்தி, இரண்டிலும் பதிவான வாக்குகளைக் கூட்டி முடிவை அறிவிக்கலாம். முதல் அமர்வில் வந்த திருத்தங்களை இரண்டாம் அமர்வில் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள். வெளியூர் ஓய்வறையில் இருக்கும் ஓட்டுநர்களுக்கு அங்கேயே வாக்களிக்க வழி வேண்டும். இது அலைச்சல்தான், ஆனால் இந்த அலைச்சலைத் தவிர்த்த சங்கங்கள், காலப்போக்கில், பகல் ஷிப்டு எழுத்தர்களும் ஓய்வுபெற்ற பொறுப்பாளர்களும் மட்டும் பேசும் இடங்களாகிவிடுகின்றன.

இரண்டாவது, பொறுப்பாளரைத் திரும்பப் பெறும் உரிமை. அதைப் பொத்தாம்பொதுவாக எழுதினால் பயன்படாது. ஒரு மாதிரி விதி: "எந்தப் பொறுப்பாளரையும் திரும்பப் பெறும்படி, அவரைத் தேர்ந்தெடுத்த கிளையின் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் எழுத்தில் கோரினால், பதினான்கு நாள்களுக்குள் இரண்டு அமர்வுகளாகக் கூட்டம் கூட்டப்படும், அதில் அவர் தன் விளக்கத்தைச் சொன்ன பின், ரகசிய வாக்கெடுப்பில் எளிய பெரும்பான்மை முடிவுசெய்யும், கோரிக்கையில் கையெழுத்திட்டவர் எவர் மீதும் நடவடிக்கை எடுக்கப்படாது." அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் முதல் கையெழுத்தைப் போட எவரும் முன்வர மாட்டார்.

மூன்றாவது, பதவிக்காலம். ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் கூடாது, முழுநேர ஊழியரின் ஊதியம் உறுப்பினரின் சராசரி ஊதியத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதுங்கள். வெளியாளைத் தலைவராக்கலாமா என்ற கேள்வியும் எழும். அமெரிக்காவில் புல்மன் படுக்கைப் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்த கறுப்பினப் போர்ட்டர்கள் 1925-இல் சங்கம் தொடங்கியபோது, போர்ட்டராக இல்லாத ஃபிலிப் ராண்டால்ஃபைத் தலைமைக்கு அழைத்தார்கள். கம்பெனியால் அவரை வேலைநீக்கம் செய்ய முடியாது என்பது முக்கியக் காரணம். அது நியாயமான ஏற்பாடு. வெளியாள் பேசலாம், எழுதலாம், ஆலோசனை சொல்லலாம். ஆனால் வாக்கு உறுப்பினரிடமே இருக்க வேண்டும்.

பணம்

சம்பளத்திலேயே சந்தாவைப் பிடித்து நிர்வாகம் அனுப்பும் ஏற்பாடு வசதியானது. ஆனாலும் முதல் சில ஆண்டுகள் சந்தாவை ஷிப்டுக்கு ஒருவர் நேரில் வாங்குவதே நல்லது. சந்தா வாங்கப் போகிறவர் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு உறுப்பினரையும் பார்க்கிறார், குறை கேட்கிறார், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவராகிறார். தவிரவும், சம்பளப் பிடித்தத்தை நிறுத்திச் சங்கத்தின் கழுத்தை நெரிக்க நிர்வாகத்தால் முடியாது. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, மாதக் கணக்கு அறிவிப்புப் பலகையில், செயற்குழுவில் இல்லாத இருவர் தணிக்கையாளர்களாகத் தேர்வு, போராட்ட நிதிக்குத் தனிக் கணக்கு ஆகியவை கட்டாயம்.

போராட்ட நிதி சட்டத்தின் தாக்குதலுக்கு எவ்வளவு தாங்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 1900-இல் தெற்கு வேல்ஸின் டாஃப் வேல் ரயில்வேயில் நடந்த வேலைநிறுத்தத்துக்காகக் கம்பெனி சங்கத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தது. 1901-இல், அன்று பிரிட்டனின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நட்டஈடு 23,000 பவுண்டு, வழக்குச் செலவும் சேர்த்தால் 42,000 பவுண்டு வரை சங்கத்துக்குச் செலவானது. 1906-இல் புதிய சட்டம் வந்த பிறகே அந்த நிலைமை மாறியது.

முதல் கோரிக்கை

முதல் கோரிக்கை பலரையும் தொட வேண்டும், ஆழமாக உணரப்பட வேண்டும், குறுகிய காலத்தில் வெல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஊதிய உயர்வு இந்த மூன்றாவது சோதனையில் பெரும்பாலும் தோற்றுவிடும். ஓய்வு நேரம், கேட்டில் குடிநீரும் கழிப்பறையும், ஓய்வறையின் நிலை, பாதுகாப்புக் கருவிகள் போன்றவை தேறும்.

ஓட்டுநர்களின் வேலைநேரத்தை எடுத்துக்கொள்வோம். ரோஸ்டரின்படி சராசரி சரியாக இருக்கிறது என்று நிர்வாகம் சொல்லும். அதன் காகிதத்தில் அப்படித்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில், முப்பது நாள்களுக்கு, நான்கு நேரங்களை மட்டும் எழுதட்டும்: அழைப்பு வந்த நேரம், லாபியில் கையெழுத்திட்ட நேரம், வண்டியை ஒப்படைத்த நேரம், வீட்டிலோ ஓய்வறையிலோ படுத்த நேரம். வெளிச் சிக்னலில் காத்திருந்த இரண்டு மணி நேரமும், வண்டியை ஒப்படைத்தபின் வேறொரு வண்டியில் பயணியாகத் திரும்பிய மூன்று மணி நேரமும் அதில் வந்துவிடும். நாற்பது நோட்டுகளைச் சேர்த்து ஒரு பக்க அட்டவணை செய்தால், தூங்காமல் வண்டி ஓட்டிய இரவுகளின் எண்ணிக்கை கறுப்பு வெள்ளையில் தெரியும். அதை மறுக்க வேண்டுமானால் நிர்வாகம் தன் பதிவேட்டைத் திறந்தாக வேண்டும். போர்ட்டர் சங்கம் பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937-இல் பெற்ற முதல் ஒப்பந்தத்தின் பெரும் சாதனையும் நேரம்தான்: மாதம் ஏறத்தாழ 400 மணி நேரமாக இருந்த வேலை 240-ஆகக் குறைந்தது.

பேச்சுவார்த்தை மேசையில்

நிர்வாகத்தை எவரும் தனியாகச் சந்திக்கக் கூடாது. குறைந்தது மூவர் போக வேண்டும். அவர்களில் ஒருவர் அந்தக் கோரிக்கையால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்ற கட்டளையைப் பொதுக்குழு முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அதற்கு அப்பாற்பட்ட முன்மொழிவு வந்தால், "உறுப்பினர்களிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்பதே பதில். இதை நிர்வாகம் பலவீனம் என்று சொல்லிக் கிண்டல் செய்யும். அன்றே கையெழுத்திட்டால் கூடுதலாக ஏதோ தருவதாக ஆசைகாட்டும். அசைய வேண்டாம். ஒப்பந்தத்தின் சுருக்கத்தை அல்ல, முழு வாசகத்தையும் வாக்கெடுப்புக்குச் சில நாள்கள் முன்பே எல்லா ஷிப்டுக்கும் கொடுங்கள்.

சட்டப்படி வேலையும் வேலைநிறுத்தமும்

விதிப்புத்தகத்தை வரிக்கு வரி பின்பற்றினால் வண்டிகள் தாமதமாகும் என்பது ரயில்வேயில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. பிரேக் சோதனையை முழுமையாகச் செய்வது, குறையுள்ள பெட்டியை எடுக்க மறுப்பது, வேகக் கட்டுப்பாட்டை மீட்டர் பிசகாமல் கடைப்பிடிப்பது ஆகியவை எல்லாம் நிர்வாகமே எழுதிவைத்த கடமைகள். இத்தாலிய ரயில்வே தொழிலாளர்கள் 1905-இல் இந்த வழியைப் பரவலாகக் கையாண்டார்கள். இதன் சிறப்பு, பயணிகளின் பாதுகாப்பு குறையாமல் கூடுகிறது என்பது. தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு பிரிவும் எந்தெந்த விதிகளைப் பின்பற்றப்போகிறது என்று எழுத்தில் முடிவுசெய்யுங்கள். ஒருவர் மட்டும் தனித்துச் செய்தால் நடவடிக்கை அவர்மேல் பாயும்.

வேலைநிறுத்தம் கடைசி ஆயுதம். ரகசிய வாக்கெடுப்பு, சட்டம் கேட்கும் முன்னறிவிப்பு, பயணிகளை நடுவழியில் நிறுத்தாத திட்டம், கேட்டுகளையும் சிக்னல்களையும் பாதுகாப்பான நிலையில் ஒப்படைக்கும் முறை ஆகியவை முடிவாகும்வரை தேதி குறிக்காதீர்கள். தொடங்கிய பின் தொடர்வதா என்பதையும் உறுப்பினர்களே சொல்லட்டும். பிரான்சில் 1986 டிசம்பரில் ஓட்டுநர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் டிப்போ டிப்போவாகப் பொதுக்கூட்டம் கூட்டி, வாக்கெடுத்து, ஜனவரி வரை தொடர்ந்தது. மேல்மட்டத் தலைமைகள் அடிமட்டக் கூட்டங்களைப் பின்தொடர வேண்டியிருந்தது.

தலைவர்கள் கைதானால் என்ன செய்வது என்பதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேயில் ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தில், சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகி, போராட்டம் சில நாள்களிலேயே முடிந்துபோனது. 1974-இல் இந்திய ரயில்வே வேலைநிறுத்தம் மே 8 அன்று தொடங்க இருந்த நிலையில், அதன் தலைவர் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் மே 2 அன்றே கைது செய்யப்பட்டார். ஆனாலும் குறித்த நாளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. மே 27 அன்று விலக்கிக்கொள்ளப்படும்வரை, பெருமளவிலான கைதுகளையும் வேலைநீக்கங்களையும் தாண்டி நீடித்தது. ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு மாற்றாள்களைப் பொதுக்குழுவே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைத்திருப்பது இத்தகைய நாள்களுக்காகத்தான்.

பழிவாங்கலுக்கு எதிராக

ரயில்வேயில் பழிவாங்கல் பெரும்பாலும் தொலைதூர இடமாற்றமாகவோ, பழைய தவறு ஒன்றைத் தோண்டியெடுத்துத் தரும் குறிப்பாணையாகவோ வரும். குறிப்பாணை பெற்றவர் அதே நாளில் கிளைக்குத் தெரிவிக்க வேண்டும். கெடுவுக்குள் எழுத்தில் பதில் போக வேண்டும். விசாரணைக்கு உடன் செல்ல ஒருவர் இருக்க வேண்டும். பணியிடை நீக்கமானவரின் குடும்பத்துக்கு முதல் மாதமே பணம் போய்ச்சேர வேண்டும். இடமாற்றப்பட்டவரைப் புதிய இடத்தில் யாராவது போய்ச் சந்தித்து, அங்கே கிளை இல்லையென்றால் அவரையே அமைப்பாளராக்குங்கள்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒவ்வொரு ஷிப்டிலும் ஒருவர் அதன் பிரதியைக் கையில் வைத்திருந்து, மீறல்களைத் தேதியோடு எழுதி மாதக் கூட்டத்தில் வைக்க வேண்டும். புதிதாகப் பணியில் சேருகிறவருக்கு முதல் வாரத்திலேயே ஒப்பந்தத்தின் பிரதி, சங்க விதிகள், அடுத்த கூட்டத்தின் இரண்டு அமர்வு நேரங்கள், அவருடைய ஷிப்டுப் பிரதிநிதியின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு சக தொழிலாளர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.